டாக்ஸியிலிருந்து வந்த பிளாக்

ஒரு மச்சானும் மாப்பிள்ளையும் இருபத்தாறு வருடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறார்கள் என்றால் சொத்துத் தகராறு இருக்க வேண்டும், இல்லையென்றால் யாரோ யாரையோ பந்தியில் சரியாகக் கவனிக்காமல் விட்டிருக்க வேண்டும். இவர்கள் இருவரும் பிரிந்தது நான்கு துளை போட்ட ஓர் இரும்புக் கட்டிக்காக, ஒரு கார் என்ஜினின் பிளாக்குக்காக. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அளவுக்காரிக்கு மட்டும் சிரிப்பு வராது. அந்த மச்சான் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன், மாப்பிள்ளை அவளுடைய வீட்டுக்காரர், அந்த இரும்புக் கட்டியில் கடைசியாகக் கை வைத்தவள் அவள். இந்தக் கடைசி விஷயம் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

பேசாமல் என்றால் அடியோடு பேசாமல் இல்லை. குடும்பத்தில் நல்லது கெட்டது என்றால் இருவரும் வருவார்கள். "நல்லா இருக்கீங்களா மச்சான்?" "இருக்கேன் மாப்ள." அவ்வளவுதான். பிறகு ஆளுக்கொரு மூலை பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு காலத்தில் ஒரே டம்ளர் தேநீரை இரண்டாக ஊற்றிக் குடித்தவர்கள் என்று சொன்னால் இளசுகள் நம்ப மாட்டார்கள்.

கடை தெருக்கோடியில் இருக்கிறது. தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே நுழைந்தால் எண்ணெய் வாசனைதான் முதலில் ஆளை வரவேற்கும், அப்புறம்தான் கண்ணுக்கு எதுவும் தெரியும். தேய்ந்துபோன என்ஜின்களின் சிலிண்டர்களைக் கடைந்து, கல் வைத்து இழைத்து, மறுபடி ஓடவைப்பது தொழில். கடைபவர் போரிங்காரர். கடைந்தது சரிதானா என்று அளப்பவள் அவர் மனைவி. கொட்டகையின் ஓரத்தில் கண்ணாடி வைத்து அடைத்த சின்ன அறை அவளுடைய ராஜ்ஜியம். அங்கே மின்விசிறி கிடையாது, இரும்பின் மேல் காற்றுப் பட்டால் அளவு மாறும். அவளுடைய அளவுக் கருவியை வெறுங்கையால் தொடுகிறவர் அன்றைக்கே திட்டு வாங்குவார், கைச்சூட்டிலும் அளவு மாறும். லாரி ஓட்டுநர்கள் முகத்துக்கு நேரே அக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் அளவுக்காரி என்பார்கள். அவளுக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

சென்ற வாரம் அண்ணனிடமிருந்து போன் வந்தது. அவரை எல்லோரும் டர்போ அண்ணன் என்றுதான் சொல்வார்கள். எந்த வண்டியைக் கண்டாலும் அதில் ஒரு டர்போவை மாட்டாமல் அவருக்குத் தூக்கம் வராது.

"பாப்பா, நான்தான்." ஐம்பத்தேழு வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான். "ஷெட்டை காலி பண்றேன். கார் இருக்கு, பிளாக்கும் இருக்கு."

"எந்த பிளாக்?" தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

"நம்ம வாழ்க்கையில எத்தனை பிளாக் இருக்கு? அதேதான். மூணாவது சிலிண்டர்ல ஒரு ஸ்லீவ் போட்டா ஓடும். ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாத்துடறேன் பாப்பா, அப்புறம் யாருக்கு வேணா குடுத்துடலாம். மாப்ளைகிட்ட கேளேன்."

"நீயே கேளேன்."

"அவரு முடியாதுன்னுட்டா?"

அறுபத்தாறு வயது ஆள், பயந்த குரலில் கேட்டார். அவளுக்குப் பாவமாக இருந்தது. அதே சமயம், முடியாது என்றே சொல்லிவிடட்டும் என்றும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். போரிங்காரர் பந்தய வண்டி வேலையைத் தொட்டு இருபத்தாறு வருடம் ஆகிறது. 'பந்தய வண்டி வேலை எடுப்பதில்லை' என்று கடை வாசலில் பலகையே தொங்குகிறது.

அவர் ஒரு ஜெனரேட்டர் பிளாக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"கொண்டாரச் சொல்லு."

"நிஜமாவா?"

"அந்த பிளாக்கை நான் ஒரு தடவை அளந்து பாக்கணும்மா. உசிரோட இருக்கறப்பவே எனக்கு அது தெரிஞ்சாகணும்."

"என்ன தெரியணும்?"

"என் கை எங்க தப்பு பண்ணுச்சுன்னு."

அளவுக்காரி கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த பிளாக்கைச் செய்த ஆறு மாதம் போல ஒரு காலம் அவர்கள் மூவருக்கும் முன்னேயும் இருந்ததில்லை, பின்னேயும் வரவில்லை. அப்போது அவளுக்கு முப்பத்தொன்று, வீட்டுக்காரருக்கு முப்பத்தெட்டு. டர்போ பைத்தியம் ஊரையே பிடித்திருந்த நேரம். என்ஜினை விட்டு வெளியே போகிற புகையை வைத்து ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சுழற்சியில் காற்றை அள்ளி அதே என்ஜினுக்குள் திணிக்கிற சமாச்சாரம் அது. இருநூறு குதிரை இழுக்கிற வண்டி நானூறு குதிரையாகிவிடும். எத்தனை நிமிடத்துக்கு என்பதுதான் கேள்வி. வாரம் ஒரு வண்டி கடை வாசலில் வயிறு வெடித்து வந்து நிற்கும்.

"டர்போவை எவன் வேணா வாங்கி மாட்டலாம்" என்பார் போரிங்காரர். "அது குடுக்கற அடியை வாங்கிக்கறதுக்கு ஒரு பிளாக் வேணுமே. அதை எவன் குடுப்பான்?"

"நீங்க குடுங்க மாப்ள" என்றார் அண்ணன். அப்படி ஆரம்பித்தது.

அண்ணன் பெட்டி பிரிக்காத புது பிளாக் ஒன்றுக்குப் பேசி முடித்துவிட்டு வந்து நின்றார். மாப்பிள்ளை தலையை ஆட்டிவிட்டார். புதிதாக வார்த்த இரும்புக்குள் இழுவிசை அடைந்து கிடக்கும், முதல் முதலாகச் சூடேறும்போது அது முடியளவு நகரும், என்னதான் துல்லியமாகக் கடைந்தாலும் நகர்ந்தால் நகர்ந்ததுதான் என்பது அவர் கட்சி. "புது இரும்புக்குள்ள கோவம் இருக்கு மச்சான். சூடேறி ஆறி, சூடேறி ஆறி, அது அடங்கணும். நல்லா ஓடித் தேஞ்ச பிளாக்கா பாருங்க."

"உங்களை மாதிரி அடங்கினதா பாக்கச் சொல்றீங்க" என்றாள் அவள். அண்ணன் சிரித்த சிரிப்பில் தகரக் கூரை மேலிருந்த புறாக்கள் பறந்துவிட்டன.

இரண்டு மாதம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், பழைய இரும்புக் கடைகளாக ஏறி இறங்கினார்கள். போரிங்காரர் கையில் ஒரு குட்டிச் சுத்தியல். ஒவ்வொரு பிளாக்கையும் தட்டி, காதை வைத்துக் கேட்பார். கணீரென்றால் நின்று பார்ப்பார், மந்தமாக ஒலித்தால் எங்கோ கீறல், அடுத்தது. அவள் ஃபிளாஸ்க்கும் நோட்டுமாகப் பின்னாலேயே நடப்பாள். கடைசியில் அது கிடைத்தது மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஒரு டாக்ஸியில். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பானெட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, இதுதான் என்றார். டாக்ஸிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "என்ஜினை மட்டும் எடுத்துக்கிட்டு வண்டியை விட்டுட்டுப் போறீங்களா? எல்லாரும் தலைகீழாத்தானே கேப்பாங்க!"

பிறகு வேலை. அந்த பிளாக்கில் சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிற இடைவெளி மேலே திறந்தே இருந்தது. தட்டில் வைத்த நாலு டம்ளர் மாதிரி நாலும் தனித்தனியாக நின்றன. சாதாரண ஓட்டத்துக்கு அது போதும். டர்போ அடிக்கிற அடிக்கு டம்ளர்கள் தலையாட்ட ஆரம்பித்துவிடும். போரிங்காரர் ஒரு கனத்த இரும்புத் தகட்டை அந்த இடைவெளிக்கு அச்சாக வெட்டி, மேலே இறுக்கி அடித்து, டம்ளர்களை ஒன்றோடொன்று கட்டிப் போட்டார். அடிப்பாதியில் தண்ணீருக்குப் பதிலாக இரும்புத்தூள் கலந்த சிமெண்டை ஊற்றி இறுக வைத்தார். கீழே சுழல்கிற கிராங்க் தண்டைத் தாங்குகிற மூடிகளைத் தூக்கி எறிந்துவிட்டு, எஃகில் புதிதாகக் கடைந்து, இரண்டு போல்ட் இருந்த இடத்தில் நான்கு போட்டார். கணக்கும் படமும் எல்லாம் நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில்தான். தாள் போதாமல் வரப்போகிற மாதங்களையும் கிழித்துவிட்டார்கள். அந்த வருடம் பாதிக்கு மேல் இன்றைக்கு என்ன தேதி என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

மாலையானால் மூவரும் ஒரே பெஞ்சில். நடுவில் அவள். இந்தப் பக்கம் ஒருவர் தடிமன் பற்றிப் பேச, அந்தப் பக்கம் ஒருவர் வேகம் பற்றிப் பேச, அவள் இரண்டு பேருக்கும் 'ம்' கொட்டுவாள். அவர்கள் சண்டை போட்டால் அவளிடம்தான் தீர்ப்பு. "அளவு என்ன சொல்லுது?" என்பார்கள். அளவு சொன்னால் இருவரும் அடங்கிவிடுவார்கள். அவளை இந்த உலகத்தில் அவ்வளவு மதித்த இரண்டு பேர் வேறு யாரும் கிடையாது.

கடைசிக் கட்டத்தில் அவளுடைய அக்காவுக்குப் பிரசவம். பன்னிரண்டு நாள் போயிருந்தாள். திரும்பி வந்தவள் வீட்டுக்குக்கூடப் போகாமல் பையோடு கடைக்குத்தான் வந்தாள். போரிங்காரர் கிராங்கை எடுத்துவர வெளியே போயிருந்தார். கடைந்து முடித்த பிளாக் அவளுடைய மேஜையில் அளப்பதற்காகக் காத்திருந்தது. மூன்று மணிக்கு அண்ணன் வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு.

அளந்தாள். வட்டம் வட்டமாக இல்லை. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் இரண்டு பங்கு கோணல், நான்கு சிலிண்டரிலும். லாரிக்கு அது பரவாயில்லை, இந்த என்ஜினுக்கு ஆகாது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் இல்லாத பன்னிரண்டு நாளும் இந்த மனிதர் தூங்கியிருக்க மாட்டார், அதுதான் கை தவறிவிட்டது என்று நினைத்தாள். அண்ணன் வருவார். பார்ப்பார். சும்மா விடுவாரா? ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிக் காட்டுவார். அவளுக்கு அது பொறுக்கவில்லை. கை ஹோன் என்கிற இழைப்பானை எடுத்து, கல்லை மாட்டி, முக்கால் மணி நேரம், மூச்சுவிடாமல் நான்கையும் இழைத்தாள். அளந்தால் முள் அசையவில்லை. சுத்த வட்டம். நோட்டில்கூட அவள் எழுதவில்லை. அவருக்குத் தெரியாமலே அவர் மானத்தைக் காப்பாற்றிய சந்தோஷத்தில் அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று மணிக்கு அண்ணன் வந்து பிளாக்கை ஏற்றிக்கொண்டு போனார்.

அன்று சாப்பிடும்போது போரிங்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீ இல்லாதப்ப ஒரு வேலை பண்ணேன், கேளு. மூடியா ஹெட்டை மேல வச்சு போல்ட்டை முறுக்கினா அந்த இழுப்புல சிலிண்டர் கோணிக்கும். நாம வட்டமா கடைஞ்சு என்ன பிரயோஜனம்? அதனால ரெண்டு இஞ்சு தடி தகடு ஒண்ணு செஞ்சேன். ஹெட் மாதிரியே போல்ட் ஓட்டை, அதே முறுக்கு. மொட்டைன்னு பேரு வச்சிருக்கேன். மொட்டையை மாட்டி, முறுக்கி, அது மாட்டினபடியே கடைஞ்சுட்டேன். கழட்டினா கோணலாத்தான் தெரியும். ஹெட் ஏறினதும் பாரு, அச்சு வட்டம். நல்லவேளை நீ வர்றதுக்குள்ள மச்சான் கொண்டுபோயிட்டாரு. நீ அளந்திருந்தா பதறிப்போயிருப்ப!"

வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை அவள் தட்டிலேயே வைத்துவிட்டாள். அவள் இரண்டு மணிக்கே அளந்து இழைத்தும்விட்டாள் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவள் வட்டமாக்கி வைத்தது இனி ஹெட் ஏறினதும் கோணிக்கொள்ளும்.

சொல்லியிருக்கலாம். ஒரு போன் போட்டிருந்தால் அண்ணன் நிறுத்தியிருப்பார். பந்தயத்துக்கு மூன்று நாள் இருந்தது. ஆனால் அவர் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள் அண்ணன் பிஸ்டன்களை இறக்கிவிட்டார். அதற்கு மறுநாள் என்ஜின் ஓட ஆரம்பித்து, அந்த ஊளைச் சத்தத்தைக் கேட்கச் சொல்லி அண்ணன் போனை என்ஜின் பக்கம் நீட்டினார். நூறில் இரண்டு என்ன செய்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது என்ன செய்யும் என்று அந்தத் தெருவுக்கே பாடம் எடுத்தவள் அவள்தான்.

பந்தயம் என்பது நீளமான நேர் ரோட்டில் இரண்டிரண்டு வண்டியாக விடுவது. முதல் ஓட்டத்தில் அண்ணன் ஜெயித்தார். இரண்டாவதிலும் ஜெயித்தார். அவள் கத்திய கத்தலில் இரண்டு நாள் தொண்டை கட்டியிருந்தது. மூன்றாவதில் பாதி தூரத்தில் வெள்ளையாகப் புகை வந்தது. அங்கேயே என்ஜினைப் பிரித்தால் மூன்றாவது சிலிண்டர் முழுக்க உரசி, சுவரில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல்.

அங்கே நாற்பது பேர் நின்றிருப்பார்கள். அத்தனை பேர் முன்னால் அண்ணன் சொன்னார்: "போரிங் சரியில்ல. மாப்ளைக்குக் கை போயிடுச்சு."

போரிங்காரர் பதில் சொல்லவில்லை. குனிந்து அந்தக் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஃபிளாஸ்க்கோடு நின்றிருந்த அவளும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் வாசலில் பலகை தொங்கியது. அதற்கு முன்னால் "அளக்கவே வேணாம், கையே சொல்லுது" என்று திமிராகப் பேசுகிறவர், அதற்குப் பிறகு சாதாரண பம்ப் என்ஜினைக் கடைந்தால்கூட, "இன்னொரு தடவை அளந்துடும்மா" என்று நிற்பார். அவர் அப்படிக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சில் சுருக்கென்று குத்தும். வருடக் கணக்கில் குத்தியது.

இந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சின்ன லாரியில் பிளாக் வந்து இறங்கியது. கூடவே அண்ணனும் இறங்கினார். தலையில் ஒரு முடி இல்லை.

"வாங்க மச்சான்."

"வரேன் மாப்ள." தலையைத் தடவிக்கொண்டார். "மொட்டை இருக்கா இன்னும்?"

"ஒண்ணு பெஞ்சுக்கு அடியில இருக்கு. இன்னொண்ணு இப்பத்தான் லாரியில வந்து இறங்கியிருக்கு."

அண்ணன் தலையிலிருந்து கையை எடுத்தார். அப்புறம் மூவரும் சிரித்துவிட்டார்கள். அளவுக்காரிக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டதும் கண் கலங்கியது. இத்தனை வருடம் இதைத்தானே தொலைத்தோம் என்று நினைத்தாள். பிளாக்கைக் கழுவினார்கள், துடைத்தார்கள், கண்ணாடி அறைக்குள் உருட்டி வைத்து ஆறவிட்டார்கள். அதற்குள் இரண்டு பேரும் பழைய கதைக்குள் இறங்கிவிட்டார்கள். டாக்ஸிக்காரர், சிமெண்ட் கலந்த வாளி, கிழித்த நாட்காட்டி என்று ஒன்று பாக்கியில்லை. ஒருவர் ஆரம்பித்ததை மற்றவர் முடித்தார். அவள் தேநீர் கொடுத்தாள்.

மத்தியானம் அளக்க உட்கார்ந்தார்கள். எவ்வளவு கடைந்து ஸ்லீவ் என்கிற உள்குழாயைப் போடுவது என்று தெரிய வேண்டும், அதற்கு இப்போதிருக்கிற அளவு வேண்டும். மொத்தம் மூன்று மணி நேரம்கூட ஓடாத என்ஜின், அன்றைக்கு இருந்தபடியேதான் இருக்கும். அவள் கருவியை இறக்கிப் படிக்க, போரிங்காரர் பென்சிலால் எழுதினார். டயல் அவள் பக்கம்தான் திரும்பியிருந்தது. எதை வேண்டுமானாலும் படிக்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. முந்தின நாள் முழுக்க அவள் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். ஆனால் முள்ளைப் பார்த்ததும் வாய் தானாக உள்ளதைச் சொன்னது. அளவை மாற்றிப் படிக்க அவளுக்கு வராது.

"ஒண்ணாவது, சுத்த வட்டம். ரெண்டாவது, சுத்த வட்டம். மூணுல உரசாத இடம், வட்டம். நாலு, வட்டம்."

போரிங்காரர் நிமிர்ந்தார். "கழட்டி வச்சிருக்கறப்ப எப்படி வட்டமா இருக்கும்?"

மொட்டையைத் தூக்கி வைத்தார்கள். போல்ட்டுகளை மூன்று சுற்றாக, ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் கொஞ்சம் கூட்டி முறுக்கினார். முறுக்குச் சாவி டக் டக்கென்று சத்தம் போட்டது. அவள் மறுபடி கருவியை இறக்கினாள்.

"கோணல். நூறுல ரெண்டு." டயலை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை.

"எல்லாமா?"

"எல்லாம்."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்தார்.

"மொட்டையை மாட்டியிருக்கேன், ஆனா சரியா முறுக்கல போலிருக்கு" என்றார் மெல்ல. "அது சும்மா மேல உக்காந்திருந்திருக்கு. முறுக்கினேன்னுதான் இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன். மூணு சுத்தும் முறுக்கின ஞாபகம் இன்னும் கையில இருக்கு. ஞாபகத்தை நம்பி என்ன, அளவு சொல்லுதே." எழுந்து அண்ணன் முன்னால் போய் நின்றார். "மச்சான், அன்னைக்கு நீங்க நாலு பேர் முன்னாடி சொன்னீங்கன்னு உங்க மேல கோவம் வச்சிருந்தேன். நீங்க சொன்னது சரிதான். தப்பு என்னோடது. மன்னிச்சுடுங்க."

மாட்டிக்கொள்வோம் என்று ஒரு வாரமாகத் தூக்கம் கெட்டுக் கிடந்தவள் மாட்டிக்கொள்ளவே இல்லை. பிளாக் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை, அவரைக் காட்டிக்கொடுத்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், இதோடு எல்லாம் முடிந்துவிடும். அண்ணனும் அவரும் சேர்ந்துவிடுவார்கள். வேண்டியதும் அதுதானே? ஆனால் அறுபத்துநாலு வயது மனிதர், செய்யாத தப்புக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக வந்தது.

"அவர் சரியாத்தான் முறுக்கியிருக்காரு" என்றாள் அண்ணனிடம். அப்புறம் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "நான்தாங்க. நான் அளந்தேன். கோணலா இருந்துச்சு. மொட்டையைப் பத்தி எனக்குத் தெரியாது. நீங்க தப்பு பண்ணிட்டீங்கன்னு நெனச்சு, அண்ணன் வர்றதுக்குள்ள ஹோனை எடுத்து நானே இழைச்சு வட்டமாக்கிட்டேன். அன்னைக்கு சாப்பிடறப்ப நீங்க சொன்னப்பதான் புரிஞ்சுது. அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லல. பந்தயத்துல நீங்க தலை குனிஞ்சு நின்னீங்க, அப்பவும் சொல்லல."

அவர் அவளைப் பார்த்தார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. கவிழ்த்துப் போட்டிருந்த வாளி மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"பாப்பா, அதனால மட்டும் போயிருக்காது" என்றார். "டர்போ அழுத்தத்தை ஒண்ணரைக்கு மேல ஏத்தக்கூடாதுன்னு மாப்ள சத்தியம் வாங்கியிருந்தாரு. மூணாவது ஓட்டத்துல பக்கத்துல புது வண்டி ஒண்ணு நின்னுச்சு. பாத்ததும் எனக்கு வீம்பு ஏறிடுச்சு. யாரும் பாக்காதப்ப டர்போ ஸ்க்ரூவை ரெண்டு சுத்து இறுக்கிட்டேன். ரெண்டே காலைத் தாண்டிடுச்சு. எந்த பிளாக்கா இருந்தாலும் பொளந்திருக்கும்."

"அப்புறம் எந்த வாயால என் புருஷன் கை போயிடுச்சுன்னு சொன்ன?" அவள் பாய்ந்தாள்.

"பயத்துல வந்துடுச்சு பாப்பா! அத்தனை பேரு நிக்கறாங்க. அவரு ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கவே இல்லையே. நீ மட்டும் என்ன, பக்கத்துல கல்லு மாதிரி நின்ன!"

"நீ அண்ணன், பெரியவன், நீ சொல்லியிருக்கணும்!"

"நீ பொண்டாட்டி, நீ சொல்லியிருக்கணும்!"

சின்ன வயதில் பென்சிலுக்கு அடித்துக்கொண்ட அதே குரலில் இரண்டு கிழங்களும் கத்திக்கொண்டிருந்தார்கள். போரிங்காரர் குறுக்கே வரவில்லை. அவர்கள் தாமாக ஓய்ந்து, வெட்கப்பட்டு நிறுத்துகிறவரை பொறுத்திருந்தார். அப்புறம் அவளிடம் கேட்டார்.

"எந்தக் கல்லு போட்ட?"

"நானூறாம் நம்பர்."

"எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி."

"நாலு சிலிண்டரும்? கை ஹோன்ல?"

அவள் தலையாட்டினாள். அவர் மறுபடியும் தாளைப் பார்த்தார். "முள்ளு அசையல. எனக்கே வராது. நல்ல வேலை" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பிறகு இரண்டு கைகளையும் விரித்து, மேஜை மேல் வைத்து, அவற்றைப் பார்த்தபடியே பேசினார்.

"இருபத்தாறு வருஷமா ஒவ்வொரு நாளும் இந்தக் கையைத்தான் சந்தேகப்பட்டேன். உங்க ரெண்டு பேரையும் ஒரு நாள்கூட சந்தேகப்படல."

சத்தம் போட்டிருந்தால் தேவலை. எதையாவது எடுத்து எறிந்திருந்தால் தேவலை. அவர் எப்போதும் பேசுகிற குரலில்தான் சொன்னார். அண்ணனும் தங்கையும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மன்னித்துவிடுங்கள் என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. சற்று முன்தான் அவர் அதே சொல்லைச் சொல்லி நின்றார், இப்போது அதைத் தான் சொல்வதற்குக் கூசியது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். "நான் இது கூட கொஞ்ச நேரம் இருக்கேன்."

இருபத்தாறு வருடமென்ன, அந்த அறை கட்டிய நாளிலிருந்து அவளை யாரும் அங்கிருந்து வெளியே போகச் சொன்னதில்லை. போனாள். அண்ணன் பின்னாலேயே வந்தார். பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவர் முதல் சிலிண்டருக்குள் கையை விட்டு, விரல்களால் சுவரைச் சுற்றித் தடவிப் பார்த்தார். கருவியை எடுக்கவில்லை, வெறும் கைதான். அப்புறம் இரண்டாவதுக்குப் போனார். மூன்றாவதில் அந்தக் கீறல் இருந்த இடத்தில் விரல் நின்றது. தோள் குலுங்கியது. அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை. ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலத் துடித்தாள். அவராகக் கூப்பிடாமல் உள்ளே போகத் தனக்கு உரிமை இல்லை என்று அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.